எதிர்க்க ஆள் தேவை

என் கணவர் வில்பர்ட் கில்லெஸ்பி எங்கள் ஊர் ஆரஞ்சு சங்கத்தின், அதாவது புராட்டஸ்டண்ட் ஆண்கள் சங்கத்தின், தலைவர். ஒரு ஏப்ரல் மாதக் காலையில் அவர் டிம்ப்னா மக்காலியரின் சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். டிம்ப்னா கத்தோலிக்கப் பெண். அது பெண்களுக்கான சலூன். அவர் போனது முடிக்காகவும் இல்லை. ஜூலை மாத ஊர்வலத்தன்று தங்களை எதிர்த்துத் தெருவில் நின்று கூச்சல் போட முடியுமா என்று அவளைக் கேட்கப் போனார்.

அந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டிரம்கில்லனில் புராட்டஸ்டண்ட் வீட்டு ஆண்பிள்ளைக்குச் சங்கம் என்பது மூக்கு மாதிரி. பிறக்கும்போதே இருக்கும், யாரும் யோசிப்பதில்லை. ஜூலை பன்னிரண்டாம் தேதிக்கு முந்திய ஞாயிறன்று ஆண்கள் கறுப்பு சூட் போட்டு, வட்டத் தொப்பி வைத்து, கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை மாட்டிக்கொள்வார்கள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கத்தோலிக்க ராஜாவை ஜெயித்த வில்லியம் ராஜா வெள்ளைக் குதிரையில் ஆற்றைக் கடக்கும் படம் போட்ட பதாகையைத் தூக்கிக்கொண்டு, மண்டபத்திலிருந்து பாலத்தைத் தாண்டி, சேப்பல் தெரு வழியாக எங்கள் சர்ச்சுக்கு நடப்பார்கள். சேப்பல் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு, அதாவது மனைவிமார்களுக்கு, நடக்கிற வேலை கிடையாது. மண்டபத்தில் சாண்ட்விச் செய்கிற வேலை. பெண்களுக்கென்று தனிச் சங்கம் வேறு ஊர்களில் உண்டு. எங்கள் ஊரிலும் தொடங்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. அப்படியானால் டீ யார் போடுவது என்று யாரோ கேட்டார்கள். பேச்சு அதோடு நின்றது.

தொண்ணூறுகளில் சேப்பல் தெருக்காரர்கள் ஊர்வலத்தை எதிர்க்க ஆரம்பித்தார்கள். குடியிருப்போர் குழு என்று ஒன்று வைத்தார்கள். டிம்ப்னாதான் தலைவி. கையில் ஒலிபெருக்கியோடு பாலத்தின் அந்தப் பக்கம் நிற்பாள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். நடுவில் கேடயம் பிடித்த போலீஸ். டி.வி. வண்டிகள் வரும். அந்த வருஷங்களில் மண்டபத்தில் உட்கார நாற்காலி போதாது. சர்ச் பக்கமே தலைகாட்டாதவன்கூட வந்து உறுப்பினராகச் சேர்ந்தான். வில்பர்ட் தலைவரானது அப்போதுதான். தினமும் ஒரு நிருபர் போன் பண்ணுவார். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அவர் இப்போ கருத்து சொல்லமாட்டாருங்க" என்பேன்.

பிறகு நாடு மெல்ல மெல்ல அமைதியானது. போலீஸ் குறைந்தது. டி.வி. வரவில்லை. எதிர்ப்புக்கு வருகிறவர்களும் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு வருஷம் சேப்பல் தெருவில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். வில்பர்ட் அவரை முறைத்துக்கொண்டே கடந்தார். அவர் டங்கானன் பஸ்ஸுக்கு நின்றவர் என்று பிறகு தெரிந்தது.

அதோடு எங்கள் கூட்டமும் கரைய ஆரம்பித்தது. ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தருக்கு கோல்ஃப், இன்னொருத்தர் ஜூலையில் போர்ட்ரஷ் கடற்கரையில் கேரவன் போட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக வாசிக்கும் புல்லாங்குழல் பேண்டும் வர மறுத்துவிட்டது. "உங்க ஊர்ல ஒண்ணுமே நடக்கறதில்லையே, பசங்களுக்கு போர் அடிக்குது" என்றார் அதன் தலைவர். கடைசியில் மாவட்டச் சங்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்: ஆள் சேராவிட்டால் டிரம்கில்லன் கிளையை பாலிநரோ கிளையோடு இணைத்துவிடுவோம். பாலிநரோவில் தலைவர் வில்பர்ட்டின் பெரியப்பா மகன் நெஸ்பிட். ஒரு காளைமாட்டு விஷயத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவனுக்குக் கீழே நடப்பதைவிடக் கத்தோலிக்கனாக மாறிவிடுவேன் என்று வில்பர்ட் சொன்னார். அதைக் கேட்ட சங்கச் செயலாளர் மெர்வின் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான்.

மறுநாள் கஞ்சி சாப்பிடும்போது வில்பர்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நம்மள யாரும் எதிர்க்கறதில்ல ஐரிஸ். அதான் வியாதியே" என்றார்.

"அதுக்கு?"

"டிம்ப்னாவப் பாக்கணும்."

இதில் ஒரு சிக்கல். குடியிருப்போர் குழுவோடு பேசக் கூடாது என்பது எங்கள் கிளையின் தீர்மானம். கலவர வருஷங்களில் வில்பர்ட்டே கொண்டுவந்த தீர்மானம். பேசினால் அவர்களை அங்கீகரித்ததாகிவிடுமாம். கால்நடைச் சந்தையில் டிம்ப்னாவைப் பார்த்தால் கன்றுக்குட்டி பற்றிப் பேசுவார். ஊர்வலம் என்ற சொல் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். நான் வெள்ளிக்கிழமைதோறும் அவளிடம்தான் தலை அலங்காரம் செய்துகொள்கிறேன், ஜூலை முதல் வாரம் மட்டும் போவதில்லை. அதனால் நான்தான் வழி சொன்னேன்: குழுத் தலைவியோடுதானே பேசக் கூடாது, முடி வெட்டுகிறவளோடு பேசலாம் இல்லையா? மெர்வின் சங்க விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அதற்குத் தடையில்லை என்றான்.

நானும் கூடப் போனேன். சலூனில் டிம்ப்னா அவருக்கு ரோஜா நிறத் துணி ஒன்றைப் போர்த்தினாள். அவளிடம் அந்த நிறம்தான் இருந்தது.

"எப்படி வெட்டணும்?"

"லேசா."

"இருக்கறதே லேசாத்தான் இருக்கு வில்பர்ட்."

வில்பர்ட் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து, எதிரே யாரோ இருப்பதுபோலச் சொன்னார்: "இந்த வருஷம் ஊர்வலத்த யாராச்சும் எதிர்த்தா நல்லாருக்கும்னு ஊர்ல ஒரு பேச்சு."

கத்தரிக்கோல் நின்றது. டிம்ப்னா என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் புரட்டினேன்.

"யார் பேசிக்கறாங்க?"

"பொதுவா."

"நாங்க எதிர்த்தப்ப எங்கள ரௌடிக் கும்பல்னு சொன்னியே. டி.வி.யில சொன்ன."

"அது அந்த நேரத்து உணர்ச்சி."

"இப்ப அந்தக் கும்பல் திரும்பி வரணுமா?"

"வந்தா நாங்க தடுக்க மாட்டோம்" என்றார் வில்பர்ட், மிகுந்த பெருந்தன்மையோடு.

டிம்ப்னா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. சீப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்க ஊர்வலத்த எதிர்க்கறத எப்பவும் நிறுத்தல. வந்து நிக்கறதத்தான் நிறுத்தினேன். எங்காளுங்க யாரும் வர்றதில்ல. போன கூட்டத்துக்கு நானும் கெட்டிலும்தான். ஆனா வேஷம் போடச் சொன்னா என்னால முடியாது. நின்னா மனசார நிப்பேன்."

"மனசாரவே நில்லு. எங்களுக்கும் அதான் வேணும்."

"திட்டுவேன்."

"திட்டு."

"எங்கப்பா சாவுக்குக்கூட உள்ள வராம ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னீங்களே, அதையும் சொல்லித் திட்டுவேன்."

வில்பர்ட் முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். சங்கத்துக்காரர்கள் கத்தோலிக்கப் பூசை நடக்கும் இடத்துக்குள் போகக் கூடாது. அன்று மழை. அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை வெளியே நின்றார். "மழையில நின்னேன் டிம்ப்னா" என்றார்.

"தெரியும். ஜன்னல் வழியாப் பாத்தேன். எங்கம்மா உனக்கு ஒரு குடை குடுத்தனுப்பச் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்." மீண்டும் வெட்ட ஆரம்பித்தாள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டாள்.

அவள் மனசார எதிர்ப்பதென்று முடிவு செய்து, ஊர்வலங்களுக்கு அனுமதி தரும் ஊர்வல ஆணையத்துக்கு ஆட்சேபணை அனுப்பினாள். பழக்கம் விட்டுப்போகவில்லை; காரசாரமாக எழுதியிருந்தாள். ஆணையத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. ஊர்வலம் பாலத்தைத் தாண்டக் கூடாது.

வில்பர்ட் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் வந்து நின்றார். "தடை பண்ணிட்டாங்க."

"நீ கேட்டதுதானே?"

"நான் எதிர்ப்பத்தான் கேட்டேன். தடையவா கேட்டேன்?"

நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார். சர்ச்சுக்குப் போகிற வழியை ஒரு முடி வெட்டுகிற பெண் அடைத்துவிட்டாள் என்று புலம்பினார். அந்த வழி திறந்தே இருந்த அத்தனை வருஷமும் அதன்மீது இப்படி ஓர் ஆசையை நான் அவரிடம் பார்த்ததில்லை. பிறகு போன் அடித்தது. மறுபடியும் அடித்தது. முழங்கால் வலிக்காரர், வலியைப் பற்றிக் கவலைப்படப்போவதில்லை என்றார். போர்ட்ரஷ்காரர் கேரவனை விட்டு வருகிறாராம். பேண்டுத் தலைவர் மூன்று பாட்டு இலவசம் என்றார். நெஸ்பிட்டே தன் ஆட்களோடு ஆதரவுக்கு வருவதாகத் தகவல் அனுப்பினான். இணைப்புப் பேச்சை மாவட்டச் சங்கம் ஒத்திவைத்தது. ஒரு வாரத்தில் வில்பர்ட்டுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நடுநடுவே என்னிடம் கேட்பார்: "அவ நிஜமாவே வருவா இல்ல?"

அந்தச் சந்தேகம் டிம்ப்னாவுக்கே இருந்தது. ஊர்வலத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் வழக்கத்தை மாற்றி அவள் சலூனுக்குப் போனேன். அவள் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆள் இல்ல ஐரிஸ். தெருவே டோனகல் கடற்கரைக்குப் போயிருச்சு. என் புருஷன் இருக்காரு, இடுப்பு ஆபரேஷன் ஆன ஆளு. கோழி ஆலையில வேலை பாக்கற திமோர் நாட்டுக்காரங்க ரெண்டு பேர் வர்றேன்னாங்க. பாவம், மாதா ஊர்வலம்னு நெனச்சுட்டு இருக்காங்க. பாலத்துல நாலு பேர் நின்னா உன் புருஷன் மானம் போயிடும்."

அவள் சொன்னது சரிதான். அவ்வளவு கூட்டத்தைத் திரட்டிவிட்டு, எதிர்க்க நாலு பேர் என்றால் வில்பர்ட் படுத்த படுக்கையாகிவிடுவார். நான் அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். இதை இப்போதும் சத்தியம் செய்து சொல்லுவேன்.

"நான் வர்றேன்" என்றேன். "ஹேசலையும் கூட்டிட்டு வர்றேன்."

ஹேசல், மெர்வினின் மனைவி. அவளிடம் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்தது. அவள் இன்னும் சிலரிடம் சொன்னாள். ஞாயிறன்று சாண்ட்விச் செய்ய மண்டபத்தில் ஒருத்திகூட இல்லை. நாங்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியும் தலையில் ஸ்கார்ஃபுமாகச் சேப்பல் தெருவில் நின்றோம். டிம்ப்னா பரணிலிருந்து பழைய அட்டைகளை இறக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். எனக்கு வந்ததில், "எங்களைக் கேட்டீர்களா?" என்று எழுதியிருந்தது.

தூரத்தில் மத்தளம் கேட்டது. பாலத்தின் அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறம் திரண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அந்த ஊர்வலத்தை எதிரே நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் மண்டபத்துச் சமையலறை ஜன்னல் வழியாக, முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் வில்பர்ட், வெள்ளைக் கையுறையோடு. அந்தக் கையுறையை நான்தான் முந்தின நாள் துவைத்தேன். ரொம்ப அழகாக இருந்தார். எனக்கு வந்த கோபம் எனக்கே புரியவில்லை.

டிம்ப்னா ஒலிபெருக்கியில் ஆரம்பித்தாள். தன் அப்பா சாவையும் சொன்னாள். வில்பர்ட் முகத்தை இறுக்கிக்கொண்டார். ஆனால் எனக்கு அவரைத் தெரியும், மனசு குளிர்ந்துபோயிருந்தார். கேமராக்கள் இருந்தன. அவர் முன்னால் வந்து, வழிவிடும்படி போலீஸ் இன்ஸ்பெக்டரிடம் முறைப்படி கேட்டார். இன்ஸ்பெக்டர் முறைப்படி மறுத்தார். பெல்பாஸ்டிலிருந்து வந்த இளைஞர், நல்ல மாதிரி. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காற்றில் என் ஸ்கார்ஃப் பறக்கும்வரை.

வில்பர்ட் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பக்கத்தில் மெர்வின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "பேசக் கூடாது. அவங்க இப்ப குழுவோட நிக்கறாங்க. தீர்மானம் இருக்கு."

வில்பர்ட் சற்று யோசித்து இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "அந்தம்மாகிட்ட கேளுங்க, அடுப்ப அணைச்சிட்டு வந்தாளான்னு."

இன்ஸ்பெக்டர் பாலத்தைக் கடந்து என்னிடம் வந்தார். "மேடம், அடுப்ப அணைச்சீங்களான்னு கேக்கறாரு."

"அடுப்பே பத்த வைக்கலன்னு சொல்லுங்க."

அவர் போனார். திரும்பி வந்தார். "அப்ப மதியத்துக்கு என்னன்னு கேக்கறாரு."

"முப்பது வருஷமா இவங்களுக்கு சாண்ட்விச் பண்றேன். நீ சாப்பிட்டியான்னு ஒரு நாள் என்னக் கேட்டாங்களா? சங்கத்துல சேர விருப்பமான்னு கேட்டாங்களா? ஊர்வலம் எங்க போகணும், யாரோட பேசணும், யாரோட பேசக் கூடாது, ஏதாவது கேட்டாங்களா? இதையும் சொல்லுங்க." என் குரல் ஏறிக்கொண்டே போனது. டிம்ப்னா பேசாமல் ஒலிபெருக்கியை என் வாயருகே பிடித்தாள்.

இன்ஸ்பெக்டர் சொல்லவேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. பாலிநரோ வரைக்கும் கேட்டிருக்கும்.

"மெர்வின்கிட்டயும் இதையே சொன்னதா சொல்லுங்க" என்றாள் ஹேசல். மற்றவர்களும் அவரவர் புருஷனுக்குச் செய்தி கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டை எடுத்து யார் யாருக்கு என்ன என்று குறித்துக்கொண்டார். ஒரு பெண் தன் கணவருக்கு, பல் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை போகவேண்டும் என்பதை நினைவுபடுத்தச் சொன்னாள். அது எதிர்ப்பில் சேராது என்று இன்ஸ்பெக்டர் மறுத்துவிட்டார். திமோர் நாட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாதா எப்போது வருவார் என்று கேட்டாள்.

ஆண்கள் பதாகைக்குப் பின்னால் கூடி அவசரக் கூட்டம் போட்டார்கள். என்னைக் குடியிருப்போர் குழுவின் பிரதிநிதியாகக் கருதவேண்டும் என்றும், அதனால் சங்கத்துக்காரர் எவரும் என்னோடு ஊர்வலம் சம்பந்தமாகப் பேசக் கூடாது என்றும் முடிவானது. நெஸ்பிட் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தானாம். வில்பர்ட் அதற்காக அவனைத் தள்ளிவிட்டார். கத்தோலிக்கர்களோடு ஒரு கைகலப்பும் இல்லாத அந்த நாளில், இரண்டு ஆரஞ்சுத் தலைவர்கள் புல்லில் உருண்டதை டி.வி. காட்டியது. பிறகு பசி வந்தது. மண்டபத்தில் ரொட்டிகூட வெட்டி வைக்கவில்லை என்று தெரிந்ததும் கூட்டம் தானாகக் கலைந்தது.

வில்பர்ட் சாயங்காலம் வந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மனசார நின்னியா?"

"ஆமா."

"மொத்த நேரமுமா?"

"போகும்போது உனக்காகத்தான் போனேன். அங்க போனப்புறம் எனக்காக நின்னேன்."

அவர் மேஜைமேல் இருந்த தொப்பியைக் கையில் எடுத்தார். நான் எதையாவது தூக்கிப் போடுவாரோ என்றுகூட நினைத்தேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றாலும். கடைசியில், "டிம்ப்னாவவிட உன் குரல் தூரம் போகுது" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

இணைப்பு நடக்கவில்லை. சண்டை போடத் தெரிந்த கிளை என்று பெயர் வந்து, ஆள் சேர்ந்தது. அந்தப் பக்கமும் குழுவுக்கு உயிர் வந்தது. டோனகல் போனவர்கள் நல்ல காட்சியைத் தவறவிட்டோமே என்று அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள். என்னைச் செயலாளராக்கினார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கக் குழுவில் நான் ஒருத்திதான் புராட்டஸ்டண்ட். கூட்டம் ஜெபத்தோடு முடியும்போது நான் போய்க் கோப்பைகளைக் கழுவுவேன். இரண்டாம் கூட்டத்தில் டிம்ப்னா என்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தாள்.

அடுத்த வருஷம் ஆணையத்திலிருந்து போன். ஊர்வல விண்ணப்பமும் ஆட்சேபணையும் ஒரே விலாசத்திலிருந்து வந்திருக்கின்றன, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றார்கள். தவறில்லை என்றேன். நேரில் வந்த அதிகாரி வில்பர்ட்டை முன்னறையிலும் என்னைச் சமையலறையிலும் வைத்துத் தனித்தனியாக விசாரித்தார். இரு தரப்புக்கும் நடுவே சமாதானப் பேச்சு நடத்த நார்வேயிலிருந்து சொல்வெய் என்ற பெண்ணை வரவழைத்தார்கள். எங்கெங்கோ சண்டைகளை நிறுத்தியவளாம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இரண்டு தரப்பும் ஒன்றிடம் ஒன்று எதிர்பார்ப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொன்னாள்.

"அவ நினைக்கறத என்கிட்ட வீட்லயே சொல்லணும். போலீஸ்காரன் வந்து சொல்லக் கூடாது" என்றார் வில்பர்ட்.

"கேட்டா சொல்லுவேன்" என்றேன் நான்.

சொல்வெய் இரண்டையும் எழுதிக்கொண்டு, நல்ல தொடக்கம் என்றாள். பேச்சு மூன்று மாதம் நடந்தது. கடைசியில், ஊர்வலம் சேப்பல் தெருவில் சலூன் வரை வந்து திரும்பிவிடலாம் என்று ஒப்பந்தம் ஆனது. தன் கடை வாசலில் ஆரஞ்சுக்காரர்கள் திரும்புவதை டிம்ப்னா எதிர்த்தாள். அதையும் முறைப்படி பதிவு செய்தார்கள். சங்கத்தில் பெண்களைச் சேர்ப்பது பற்றி யோசிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். டீயை மட்டும் இப்போது மெர்வின் போடுகிறான், குடிக்க முடியாது.

போன ஜூலையில், ஊர்வலத்துக்கு முந்தின நாள் வில்பர்ட் தொப்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு எதிர்ப்புதானே?"

"எதிர்ப்புதான்."

"உங்காளுங்க எத்தன மணிக்குக் கூடறாங்க?"

"ரெண்டுக்கு."

"எங்களுக்கும் ரெண்டுதான்."

வீட்டில் இருப்பது ஒரே வண்டி. மறுநாள் அவர்தான் ஓட்டினார். பின்சீட்டில் அவர் தொப்பியும் என் அட்டையும் கிடந்தன. பாலத்தைத் தாண்டி என்னை டிம்ப்னா கடையருகே இறக்கிவிட்டார். மழை வரும்போலிருக்கிறது, கோட்டை எடுத்துக்கொள் என்றார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.